உட்கார இடம் கிடைத்தால் புத்தகம்; கிடைக்காவிட்டால்?

தினசரிப் பயணத்தில் எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம் என்று விசாரித்தால் நண்பர்கள் உடனே ஒரு பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் நல்ல நூல்கள்தான். அவற்றை எந்த நிலையில் நின்றுகொண்டு படிக்கப்போகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் மேலே தொங்கும் கைப்பிடி, முதுகுக்குப் பின்னாலிருந்து ‘கிண்டியில் இறங்குவீர்களா சார்?’ என்று ஒரு குரல். இந்த நிலையில் எண்ணூறு பக்க நாவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நூலின் தரம் ஒன்று. பாதியில் அறுபட்டாலும் மறுபடி தொடர இடம் கொடுக்கும் குணம் இன்னொன்று. வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு முதலாவது போதும். ரயிலில் இரண்டாவது இல்லையென்றால் முதலாவதும் வீண் என்பதே என் கட்சி. அச்சுப் புத்தகம், மின்னூல் கருவியான கிண்டில், ஒலிநூல், இணையத்தில் கேட்கும் பாட்காஸ்ட் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலால்தான் இங்கே பார்க்கப்போகிறேன். எனக்குப் பழகிய தடம் சென்னைக் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு. அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும்.

முதலில் வண்டியைப் பார்ப்போம்

1931இல் மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணத்தில் சுமார் மூன்று நிமிடத்துக்கொரு முறை வண்டி நிற்கிறது. மாம்பலத்திலும் கிண்டியிலும் ஏறுவதும் இறங்குவதும் தனிப் போராட்டம். ஆகவே ‘எனக்குத் தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது’ என்று கணக்குப் போடுபவர் ஏமாந்துபோவார். நின்றுகொண்டு போகிறவருக்குக் கிடைப்பவை மூன்று மூன்று நிமிடத் துண்டுகள். உட்கார்ந்தவருக்கு மட்டுமே அவை ஒட்டிக்கொண்டு அரை மணி, முக்கால் மணியாக நீள்கின்றன.

அதோடு, காலையும் மாலையும் ஒன்றல்ல. ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஏறுபவருக்குக் காலை நெரிசல் நேரத்தில் இருக்கை கிடைப்பது அபூர்வம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி அதற்குள் நிறைந்திருக்கும். மாலையில் கடற்கரை நிலையத்திலேயே ஏறிவிட்டால் ஜன்னலோரம்கூடக் கிடைக்கும். ஒரே மனிதர், ஒரே தடம், ஒரே சீசன் டிக்கெட். ஆனால் காலைக்கு உகந்தது மாலைக்கு ஆகாது. பரிந்துரைப் பட்டியல்கள் சறுக்கும் இடமும் இதுதான்: இரண்டு பயணங்களுக்கும் சேர்த்து ஒரே நூலைச் சொல்லிவிடுகின்றன.

மெட்ரோவின் கணக்கு வேறு. 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது முதலே அதன் பெரிய வசதி குளிர்ச்சியும் அமைதியும்தான். ஜன்னல் மூடியிருப்பதால் காற்றிரைச்சல் உள்ளே வருவதில்லை. நின்றுகொண்டே ஒரு சிறுகதையை முடித்துவிடலாம். புறநகர்த் தடத்திலும் 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயில் வந்திருக்கிறது. அதில் போக வாய்ப்புள்ளவர்கள் கீழே இரைச்சலைப் பற்றி நான் புலம்புவதைத் தாண்டிப் போய்விடலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு அச்சுப் புத்தகத்தைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது. உள்காதோ பிரேக்கையும் திருப்பத்தையும் குலுக்கலையும் உணர்கிறது. இரண்டும் வெவ்வேறு செய்தி சொல்லும்போது பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். தண்டவாளத்தின் சீரான ஓட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நின்று நின்று நகரும் பஸ்ஸில் அதிகம். பஸ் பயணிக்குக் காதுதான் வழி. இருசக்கர வண்டியில் போகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பின்னால் வரும் லாரியின் ஹாரனைவிட முக்கியமான இலக்கியம் இதுவரை எழுதப்படவில்லை.

கண்ணும் காதும்

படிக்கும்போது கவனம் கலைந்தால் புத்தகம் காத்திருக்கிறது. பக்கத்துப் பயணியின் பேச்சில் இரண்டு நிமிடம் போனாலும் கண் தானாகவே பத்தியின் தலைக்குப் போய் விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒலி அப்படியல்ல. நீங்கள் கேட்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சில விநாடி பின்னோக்கித் தள்ளும் பொத்தான் பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. நெரிசலில் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதை அழுத்துவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஒரு வரியைத் தவறவிட்டால் பொருள் கெட்டுப்போகும் எழுத்துக்குக் கண். பத்து வரியைத் தவறவிட்டாலும் கதை போய்க்கொண்டிருக்கும் எழுத்துக்குக் காது. வாதம், வரலாற்று ஆராய்ச்சி, சொல் ஒவ்வொன்றும் எடைபோட்டு வைக்கப்பட்ட சிறுகதை ஆகியவை முதல் வகை. சம்பவங்கள் அடுக்கடுக்காக வரும் தொடர்கதை, உரையாடல், நினைவலைகள், அரட்டை ஆகியவை இரண்டாம் வகை.

புத்தகத்தைக் கையில் எடுப்பதென்றால் அச்சா, கிண்டிலா, போனா என்ற கேள்வி அடுத்து வரும். உட்கார்ந்து போகிறவருக்கு அச்சுப் புத்தகத்தை எதுவும் வெல்லவில்லை. சார்ஜ் பற்றிக் கவலையில்லை, அறிவிப்பு மணி அடிக்காது, திருடவும் யாருக்கும் தோன்றாது. நிற்பவருக்கு அது தொல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதே கைக் கட்டைவிரலால் பக்கம் திருப்பும் வித்தை மெல்லிய புத்தகத்தில்தான் பலிக்கும். தமிழ்ப் பதிப்பகங்கள் கெட்டி அட்டைமேல் காட்டும் மோகம் பயணிகளுக்கு எதிரானது.

கிண்டில் 2016இன் இறுதியில் தமிழையும் முறையாகச் சேர்த்துக்கொண்டது. வெயில் படும் ஜன்னலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஒரு கையால் பக்கம் திருப்பலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் கண்ணாடியைத் தேட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இந்தக் கடைசி வசதி சிறியதல்ல. குறையும் இருக்கிறது: தமிழில் வந்துள்ள மின்னூல்கள் பலவற்றில் பிழை திருத்தம் படு மோசம். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

போனில் படிக்கலாமா என்றால், படிக்கலாம். ஆனால் அது படிக்க விடுவதில்லை. வாட்ஸ்அப் ஒரு முறை மேலே எட்டிப் பார்த்தால் போதும். கதவருகே நின்று போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வண்டி நகரும் நேரத்தில் பறித்துக்கொண்டு குதிப்பவர்கள் இந்தத் தடத்துக்குப் புதியவர்கள் அல்ல.

கையில் எடுக்கத் தக்கவை

நின்றுகொண்டே படிக்க ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் குறுந்தொகையைச் சொல்வேன். கேட்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். 401 பாட்டுகள், பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். ‘யாயும் ஞாயும்’ என்று தொடங்கும் 40ஆம் பாட்டு ஐந்தே அடி. பல்லாவரத்தில் புத்தகத்தைத் திறந்து மூலத்தையும் உரையையும் ஒரு முறை படித்துவிட்டு மூடிவிடலாம். கிண்டி வரை மனம் அதை உருட்டிக்கொண்டிருக்கும். மூன்று நிமிடத் துண்டுகளுக்கென்றே செய்துவைத்தது போன்ற வேறு இலக்கியம் நம்மிடம் குறைவு. எளிய உரையோடு கூடிய, பையில் அடங்கும் பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1937இல் கொண்டுவந்த பதிப்பு அறிஞர்களுக்கான பெரிய விருந்து. அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய ‘என் சரித்திரம்’ மாலைப் பயணத்துக்கு. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர். 1942இல் அவர் காலமானபோது முடியாமலேயே நின்றுபோனது. வாரப் பத்திரிகைக்காக எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கங்களில் தன்னளவில் நிறைவு பெறுகிறது. நூலின் பருமனைக் கண்டு மிரள வேண்டாம், அது சிறு துண்டுகளாகவே கட்டப்பட்டது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போன இளைஞரின் தவிப்பும், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் ‘என்னென்ன படித்திருக்கிறீர்கள்’ என்று கேட்டு, சொன்னதையெல்லாம் அலட்சியமாகத் தள்ளிவிட்டுச் சீவகசிந்தாமணியைப் பற்றி விசாரிக்கும் இடமும் எந்த மர்ம நாவலுக்கும் குறைந்தவை அல்ல. அந்த அத்தியாயத்தைக் குரோம்பேட்டைக்கு முன்னால் தொடங்காதீர்கள். தாம்பரத்தில் இறங்க மறந்துபோவீர்கள்.

இதே குணமுடைய இன்னொரு நூல் தொ.பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’. உப்பு, தேங்காய், பல்லாங்குழி என்று அன்றாடம் கண்ணில் படும் பொருள்களை எடுத்துக்கொண்டு அவற்றின் பின்னால் உள்ள சமூக வரலாற்றை இரண்டு மூன்று பக்கங்களில் திறந்து காட்டுவார். ஒரு கட்டுரை படிக்க இரண்டு நிலையங்கள் போதும். படித்ததை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரிடம் சொல்லவும் முடியும். சில இடங்களில் சான்றைவிட அவருடைய துணிச்சல் முந்திக்கொண்டு போகிறது என்பது என் எண்ணம். ஆனால் பயணத்தில் சண்டை போட ஓர் ஆசிரியர் கிடைப்பதும் நல்ல துணைதான்.

சிறுகதைகளில் அசோகமித்திரன். சென்னையின் பஸ், குழாயடி, வாடகை வீடு எல்லாம் அவர் கதைகளில் இருக்கின்றன என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சத்தமே இல்லாத எழுத்து. அதனால்தான் காதால் கேட்டால் நழுவிவிடும், கண்ணால் படித்தால் தங்கும். முழு நாவல் வேண்டுமென்றால் அவருடைய ‘தண்ணீர்’. சிறியது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது. கோடையில் படித்தால் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.

ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பைப் பலரும் பயணத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். உண்மை மனிதர்களை வைத்து எழுதிய அந்தக் கதைகளின் வேகம் பயணத்துக்கு ஏற்றதுதான். ஆனால் ‘யானை டாக்டர்’ போன்றவை நீளமானவை. பாதியில் நிறுத்தினால் அடுத்த நாள் அதே சூட்டோடு தொடர முடியாது. பொது இடத்தில் கண் கலங்கத் தயங்குபவர்களும் யோசித்துக்கொள்ளலாம். அவருடைய ‘விஷ்ணுபுரம்’ பற்றிக் கேட்டால், விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள் என்பேன். பாத்திரங்களின் பெயரும் காலமும் சன்னதியும் கோபுரமும் நினைவில் நிற்க வேண்டிய நாவலை, மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் துண்டு போடுவது அதற்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. எழுத்தாளர் லா.ச.ராமாமிர்தமும் இந்த வகைதான். அவர் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கத் தோன்றும். ரயிலில் அதைச் செய்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய்விடுவார்.

மாத நாவல்களை ஏளனமாக ஒதுக்க வேண்டியதில்லை. ராஜேஷ்குமார் போன்றவர்களின் துப்பறியும் கதைகள் பல்லாண்டுகளாக ரயில் நிலையக் கடைகளிலும் பஸ் நிலையக் கடைகளிலும் விற்றதற்குக் காரணமே பயணம்தான். இரண்டு சிறு கதைத்தடங்கள் மாறி மாறி ஓடும். எங்கே நிறுத்தினாலும் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். இடையூறைத் தாங்கும் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை விமர்சகர்களைவிட அந்தக் கடைக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

காதுக்கு உகந்தவை

காலையில் நின்றுகொண்டு போகும் பயணத்துக்கு என் முதல் தேர்வு கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள். அடுத்த வாரமும் இதழை வாங்க வைக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கியை மாட்டிவைத்தார் கல்கி. அந்தக் கொக்கி இன்று நம்மை மறுநாள் வண்டிக்கு இழுக்கிறது. வர்ணனையில் நாலு வரி காதில் விழாமல் போனாலும் வந்தியத்தேவன் எங்கேயும் ஓடிவிட மாட்டான். கல்கியின் ஆக்கங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் பலர் அவற்றைப் படித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள். தீபிகா அருணின் ‘கதை ஓசை’ அவற்றுள் நிதானமாகவும் உச்சரிப்புச் சுத்தத்தோடும் செய்யப்பட்ட பணி. ஏற்கெனவே ஒரு முறை படித்தவர்களுக்கு இது இன்னும் பொருத்தம். கதை தெரியும் என்பதால் இடையூறு உறுத்தாது.

ஒலிநூலில் நூலைவிடக் குரல் முக்கியம். ஐந்து நிமிட மாதிரியைக் கேட்டாலே முடிவு செய்துவிடலாம். ழகரம் வருகிறதா என்று முதலில் கவனிப்பேன். அடுத்து, பெண் பாத்திரம் பேசும்போது, படிப்பவர் ஆணாக இருந்தால் குரலைக் கீச்சென்று மாற்றுகிறாரா? மாற்றினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். மூன்றாவது, பின்னணி இசை. தமிழ் ஒலிநூல்களைப் பிடித்த வியாதி இது: யாராவது வருத்தப்பட்டால் உடனே வயலின் அழுகிறது. ரயில் இரைச்சலோடு அதுவும் சேரும்போது சொற்கள் மூழ்கிப்போகின்றன. கி.ராஜநாராயணனின் கரிசல் நடை காதுக்கென்றே பிறந்தது. ஆனால் கோவில்பட்டி வட்டாரப் பேச்சு நாவில் படியாத ஒருவர் அதைப் படித்தால் நாடகத் தமிழாகிவிடும். அப்படிப்பட்ட பதிவைக் கேட்பதற்குப் பதிலாக ‘கோபல்ல கிராமம்’ புத்தகத்தை வாங்கிவிடலாம்.

பாக்கெட் எஃப்எம் போன்ற செயலிகளில் வரும் முடிவற்ற தொடர்கள் இடையூறைத் தாங்குவதில் முதலிடம் பெறும். ஏனென்றால் இழக்க அவற்றில் அதிகமில்லை. சில பகுதிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஆவல் ஏறிய பிறகு அடுத்தடுத்த பகுதிகளுக்கு நாணயம் கேட்கும் முறை அவர்களுடையது. பொழுது போகும், பணமும் போகும். மாதச் சந்தா கட்டும் குக்கூ எஃப்எம் போன்றவற்றில் செலவுக்கு ஓர் எல்லையாவது தெரியும். அங்கே நூல் சுருக்கங்கள் ஏராளம். சுருக்கத்தைக் கேட்டுவிட்டு நூலைப் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பெருகிவருவது தனிக் கதை.

படிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் கதைசொல்லல் என்று ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலை பவா செல்லதுரை பிறருடைய கதைகளைத் தம் குரலில் சொல்லும் பதிவுகளைக் கேட்காத வாசகர் இன்று குறைவு. எழுதியவரின் நடை அதில் கிடைக்காது. சொல்பவரின் மனம் கிடைக்கும். மூலக்கதையைப் படிக்காமலேயே திருப்தி அடைந்துவிடும் ஆபத்து உண்டு; ஆனால் இவர் சொல்லக் கேட்டுவிட்டு நூலைத் தேடிப் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். எஸ்.ராமகிருஷ்ணன் உலக இலக்கியம் பற்றி ஆற்றிய நீண்ட உரைகளும் இப்படித்தான்: டால்ஸ்டாயையும் தஸ்தாயெவ்ஸ்கியையும் தொடங்கத் தயங்குபவருக்கு வாசல் திறந்துவிடுகின்றன. ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும். இவை பெரும்பாலும் யூடியூபில் இருக்கின்றன. சந்தா கட்டாதவருக்குத் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடும். எரியும் திரையோடு போனைப் பையில் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் அது தானாக யாருக்காவது அழைப்பு விடுக்கும். அதே உரை ஸ்பாட்டிஃபை போன்ற பாட்காஸ்ட் செயலியிலும் கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பாட்காஸ்ட்: நீளமும் ஆயுளும்

பாட்காஸ்ட் என்ற பெயரே பிறக்காத காலத்தில் நமக்குத் தென்கச்சி கோ.சுவாமிநாதன் இருந்தார். வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சில நிமிடங்கள்தான்: ஒரு செய்தி, அதையொட்டி ஒரு விளக்கம், முடிவில் ஒரு நகைச்சுவைக் கதை. முன்னுரை இல்லை, ‘சேனலை ஆதரியுங்கள்’ என்ற வேண்டுகோள் இல்லை. இன்றைய தமிழ் பாட்காஸ்ட்கள் பலவற்றுக்கு இந்தச் சிக்கனம் வாய்க்கவில்லை. இருவர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகளில் முதல் பத்து நிமிடம் பரஸ்பரப் புகழ்ச்சி. அதைத் தாண்டிவிட்டுக் கேட்கத் தொடங்கினால் ஒன்றும் இழப்பதில்லை.

செய்தி சார்ந்தவற்றில் விகடனின் ‘இம்பர்ஃபெக்ட் ஷோ’ அன்றாட அரசியலைக் கிண்டலோடு சொல்வதால் காலைத் தூக்கத்தைக் கலைக்கும். ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான எஸ்பிஎஸ்ஸின் தமிழ்ப் பிரிவு செய்திகளையும் நேர்காணல்களையும் சிறு சிறு துண்டுகளாகத் தருகிறது. இலங்கைச் செய்திகளும் புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையும் நம் ஊர் ஊடகங்களில் கிடைக்காத அளவுக்கு அதில் கிடைக்கின்றன. ஆனால் செய்தி பாட்காஸ்ட் அன்றே கெட்டுப்போகும் பண்டம். ஒரு வாரம் சேர்த்து வைத்துக் கேட்க முடியாது. சிக்னல் விட்டுவிட்டு வரும் தடத்தில் அன்றைய பகுதியை அன்று காலையிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இதிலுள்ள தொல்லை.

ஆங்கிலம் சரளமாகக் காதில் ஏறுபவர்களுக்குத் தேர்வு விரிவானது. பிபிசி ரேடியோ 4இன் ‘இன் அவர் டைம்’ 1998இல் தொடங்கியது. ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரத்தையொட்டிய உரையாடல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் காப்பகத்தில் கிடக்கின்றன. பதினைந்து ஆண்டுக்கு முந்தையதும் பழசாகவில்லை. நீளம் தாம்பரம் – கடற்கரை பயணத்துக்கு அளந்து வைத்தது போல் இருக்கும். ஆனால் பேச்சு அடர்த்தியானது, இடம் கிடைத்த நாளில்தான் சரிப்படும். இதற்கு நேர் எதிர்முனையில் அமித் வர்மாவின் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’. 2017இல் சிறு உரையாடலாகத் தொடங்கி இப்போது ஒரே பகுதி பல மணி நேரம் நீள்கிறது. மலைக்க வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதை நிதானமாக விரிவதால் எங்கே நிறுத்தினாலும் மறுநாள் தொடரலாம். ஒரு வாரப் பயணம் ஒரு விருந்தினரோடு போய்விடும். நீளமானது பயணத்துக்கு ஆகாது என்ற பொது நம்பிக்கையை இது உடைக்கிறது. துண்டாடினால் தாங்குமா என்பதே கேள்வி.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். அரட்டைக்கும் செய்திக்கும் அது தகும். கதைக்கு வேண்டாம். நிறுத்தி நிறுத்திச் சொல்வதில்தான் கதையின் பாதி இருக்கிறது.

காதைக் காப்பது

ஜன்னல் திறந்த மின்சார ரயிலில் பேச்சைக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பது உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு எல்லை. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வண்டியின் சீரான தாழ்ந்த உறுமலை நன்றாகக் குறைக்கும். பக்கத்தில் பேசுபவரின் குரலையும் ஹாரனையும் அவ்வளவாகக் குறைக்காது. அவ்வளவு பணம் செலவிட விரும்பாதவர் காதுத் துளையை இறுக்கமாக அடைக்கும் சிலிக்கான் முனை கொண்ட சாதாரண இயர்போன் வாங்கினாலே கணிசமான வித்தியாசம் தெரியும். ஒலியைப் பாதியில் வைத்தே கேட்கலாம்.

ஆனால் நடைமேடைக்கு இறங்கும்போது கழற்றிவிட வேண்டும். மேம்பாலத்தில் ஏறச் சோம்பல்பட்டு, காதை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பவர்களை இந்தத் தடத்தில் தினமும் பார்க்கலாம். விரைவு ரயில்களும் இதே நிலையங்களின் வழியாகத்தான் போகின்றன.

செலவு

பணத்தைப் பொறுத்தவரை தமிழ் வாசகர் கொடுத்துவைத்தவர். தமிழ் நூல்களை இணையத்தில் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் ‘என் சரித்திரம்’ வரை இலவசமாகக் கிடைக்கின்றன. விக்கிமூலத்திலும் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்திலும் கிண்டிலுக்கும் போனுக்கும் ஏற்ற கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால், எழும்பூரில் இறங்கி நடக்கும் தொலைவில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கே குடியேறியவை. பழைய மாத நாவல்களும் உரையோடு கூடிய பழம்பதிப்புகளும் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அகப்படும். கெட்டி அட்டை பிய்ந்துபோன பிரதி கிடைத்தால் விடாதீர்கள், அதுதான் பயணத்துக்கு ஏற்றது.

போனிலேயே உள்ள வாசிப்புக் குரலைக் கொண்டு மின்னூலைப் படிக்க வைக்கும் வழியும் இருக்கிறது. தமிழை இயந்திரம் இப்போது ஓரளவு சகிக்கும்படி படிக்கிறது. கட்டுரைக்குப் பரவாயில்லை. கவிதையை அதனிடம் கொடுப்பது பாவம்.

இந்த வாரமே தொடங்க நினைப்பவருக்கு: காலைக்குப் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் பத்து அத்தியாயங்கள், மாலைக்கு அசோகமித்திரன் சிறுகதைத் தொகுப்பு, நெரிசல் எல்லை மீறும் நாளுக்குச் சட்டைப் பையில் குறுந்தொகை. ஒலிக்கோப்புகளை ஞாயிற்றுக்கிழமை இரவே வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு 58 எம்பி அளவே ஆகும். ஐந்து நாள் காலைப் பயணத்துக்கும் சேர்த்து 300 எம்பி இடம் போதும். மெட்ரோ சுரங்கத்தில் சிக்னலையும் தேட வேண்டியிருக்காது.